சூனியக்காரியின் துடைப்பத்தில் இடம்

(வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் சுருக்கம்)



பேயில்லை, பிசாசில்லை, பில்லி சூனியமில்லை என்று ஊர் ஊராய்ப் பேசித் திரிகிற நாம், இன்று ஒரு சூனியக்காரி கதைப் புத்தகத்தோடு மேடையேறியிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். புத்தகத்தின் சங்கதியைக் கேட்ட பிறகு, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

புத்தகத்தின் பெயர் ‘ரூம் ஆன் தி புரூம்’. துடைப்பத்தில் இடம் என்று பொருள். 2001-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதியவர் ஜூலியா டொனால்ட்சன் என்னும் அம்மையார். படம் வரைந்தவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பிறந்த ஆக்சல் ஷெஃப்லர்.

கதை இதுதான். ஒரு சூனியக்காரி பூனையோடு துடைப்பத்தில் ஏறி ஆகாயத்தில் பறக்கிறாள். காற்றில் அவளுடைய தொப்பி விழுகிறது. ஒரு நாய் எடுத்து வந்து கொடுத்து, எனக்கும் இடமுண்டா என்கிறது. உண்டு என்கிறாள். சடையில் கட்டிய ரிப்பன் விழுகிறது. ஒரு பறவை கொண்டுவருகிறது. மந்திரக்கோல் விழுகிறது, ஒரு தவளை கொண்டுவருகிறது. அவைகளுக்கும் இடமுண்டு. தவளை சந்தோஷத்தில் குதித்ததும் துடைப்பம் இரண்டாக முறிந்து, பிராணிகள் சேற்றில் விழுகின்றன. பாதித் துடைப்பத்தோடு போன சூனியக்காரியை டிராகன் என்கிற நெருப்புக் கக்கும் மிருகம் தின்ன வருகிறது. அச்சமயம் சேற்றிலிருந்து நான்கு தலையுள்ள பயங்கரப் பூதமொன்று எழுந்து, இவள் என் இரை என்று அலறுகிறது. டிராகன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பறந்தோடுகிறது. அந்தப் பூதம் யார்? சேற்றைப் பூசிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற பூனை, நாய், பறவை, தவளைதான்!

தோழர்களே! இதைவிட நல்ல பகுத்தறிவுப் பாடம் வேறென்ன வேண்டும்? பூதத்தின்மேல் இருந்த சேற்றைச் சுரண்டிப் பார்க்க டிராகனுக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் உள்ளே ஒரு தவளை உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும். நம் ஊர்ப் புளியமரத்துப் பேயும் இப்படிப்பட்டதே. அருகே போய்ப் பார்த்தவனுக்கு அது வௌவால். பாராமல் ஓடியவனுக்கு அது முனி.

நிற்க, இந்தச் சூனியக்காரியின் பூர்வ சரித்திரத்தையும் சற்றுப் பாருங்கள். 1486-ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் கிராமர் என்ற பாதிரி, சூனியக்காரிகளைக் கண்டுபிடித்து ஒழிப்பது எப்படி என்று ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதற்குப் பின் வந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் சூனியக் குற்றத்திற்காகச் சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஜெர்மானிய நாடுகளில்தான் அதிகம். பால் கறக்காத மாட்டுக்கும், ஆலங்கட்டி மழைக்கும், செத்த குழந்தைக்கும் காரணம் தெரியாதபோது, பக்கத்து வீட்டு ஏழை விதவை காரணமாக்கப்பட்டாள். இங்கிலாந்தில் 1735-ல் வந்த சட்டம் காரியத்தைத் தலைகீழாக்கிற்று. சூனியம் குற்றமல்ல, சூனிய சக்தி உண்டென்று ஏய்ப்பதே குற்றம் என்று ஆயிற்று. கிராமரின் தேசத்தில் பிறந்தவர், இன்று சூனியக்காரியை நாலு பிராணிகளுக்கு இடங்கொடுக்கும் பரோபகாரியாக வரைகிறார், குழந்தைகள் சிரிக்கிறார்கள் என்றால், அது யாருடைய வெற்றி? ஏன், எப்படி என்று கேட்டவர்களுடைய வெற்றி.

கதையில் மந்திரம் இருக்கிறதே என்று நம் தோழர்களிலேயே சிலர் ஆட்சேபிப்பார்கள். உண்மைதான். கடைசியில் சூனியக்காரி கொப்பரையில் மந்திரம் போட்டுப் புதுத் துடைப்பம் வரவழைக்கிறாள். மந்திரத்தை நாம் ஒப்பவில்லை. ஆனால் கதையைக் கதை என்று சொல்லிக் கொடுப்பதில் கெடுதியில்லை; கதையை உண்மை என்று சொல்லிப் பயங்காட்டுவதில்தான் கெடுதி. சோறு உண்ணாத பிள்ளையிடம் பூச்சாண்டி வருகிறான் என்று சொல்லும் தாய்மார்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பயம் சோற்றோடு உள்ளே போய், சோறு செரித்த பிறகும் உள்ளேயே நிற்கிறது.

மேலும், அந்தப் புதுத் துடைப்பத்தைக் கவனியுங்கள். பழையது முறிந்தபோது, ஆள் கூடிப்போயிற்று, தவளை இறங்கட்டும், அது சேற்றில் பிறந்த ஜாதி என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஆசனமும், பறவைக்குக் கூடும், தவளைக்குத் தண்ணீர் விழும் இடமும் வைத்துத் துடைப்பத்தைத்தான் பெரிதாக்கினார்கள். இடம் போதாது, ஆகவே நீ தள்ளி நில் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த மக்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதெல்லாம் சீமைக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்களானால், ஒன்று சொல்லுகிறோம். இப்புத்தகம் வெளிவந்த அதே 2001-ல் நம் இந்தியாவில் ஜார்க்கண்டு மாகாணத்தில், பெண்களைச் சூனியக்காரியென்று பட்டங்கட்டி வதைப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அப்படிப் பட்டங்கட்டிக் கொடுமைப்படுத்தப்பட்ட சுட்னி தேவி என்ற அம்மையார், தம்மைப்போல் அவதிப்பட்ட பெண்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கி, 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். அங்கே குழந்தைகள் சூனியக்காரியைப் படத்தில் பார்த்துச் சிரித்த காலத்தில், இங்கே பெரியவர்கள் அவளைத் தெருவில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, தோழர்களே, இப்படிப்பட்ட புத்தகங்களை வாசகசாலையில் வாங்கி வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பூதம் வரும் பக்கம் வந்ததும் சற்று நிறுத்தி, உள்ளே யார் இருக்கிறார்கள் சொல் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பழகிவிட்ட பிள்ளையை எந்தப் பூசாரியும் மந்திரவாதியும் ஏய்க்க முடியாது.