எறும்பு அமிலமும் மீன் வயிறும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு மீன் தீவன மில்லுல என்னப்பா பண்றே?" என்று வாசலிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2006 ஜனவரி 1 முதல் அடியோடு நிறுத்தியது. அந்த இடத்துக்கு வந்தவற்றில் ஒன்றுதான் ஆர்கானிக் அமிலம்: எறும்பிலிருந்து முதலில் எடுத்த ஃபார்மிக், எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக், இப்படி. விற்க வருகிறவர்கள் எல்லா மீனுக்கும் ஒரே மூட்டையை நீட்டுகிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, பி.கே.ஏ., அது ஃபார்மிக் அமிலத்துக்கு 3.75. பிரியாமல் முழு மூலக்கூறாக இருக்கும் அமிலம்தான் பாக்டீரியாவின் சவ்வைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே போனதும் பிரிந்து புரோட்டானை விடும். அதை வெளியே தள்ளித் தள்ளியே பாக்டீரியா ஓய்ந்துபோகும். நம்ம ஜிலேபி மீனுக்கு, அதாவது திலேப்பியாவுக்கு, நல்ல புளிப்பான இரைப்பை உண்டு. பி.எச். 2-ல் நூற்றுக்கு 98 பங்கு பிரியாமல் இருக்கும். ரோகு, கட்லாவுக்கோ இரைப்பையே கிடையாது! குடலில் பி.எச். 7 என்று வைத்துக்கொண்டால், பிரியாதது பத்தாயிரத்தில் ஆறு பங்குதான். அதை நம்பியா குளத்துக்காரர் காசு கொடுப்பது?

அதற்காகக் கெண்டைக்கு அமிலமே வேண்டாம் என்றில்லை. தவிடு, சோயாப் புண்ணாக்கு இவற்றின் பாஸ்பரசில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. மீனுக்கு ஒட்டாமல் கழிவோடு போய்ப் பாசியை வளர்க்கிறது. மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகு குஞ்சுகளுக்கு 3 சதவீதம் சிட்ரிக் அமிலத்தை ஃபைட்டேஸ் என்சைமோடு கொடுத்துப் பார்த்ததில், எலும்பில் தாதுச்சத்து கூடியது. இது கிருமி கொல்லும் வேலை அல்ல, பூட்டைத் திறக்கும் வேலை. விலை கட்டுமா என்பது வேறு கணக்கு.

இனி மில். ஃபார்மிக் அமிலம் ஏறக்குறைய 101 டிகிரியில் கொதிக்கும். நீராவியில் 80, 90 டிகிரிக்கு மாவைப் பதப்படுத்தும்போதே ஒரு பகுதி ஆவியாகும். மிச்சம் மைல்டு ஸ்டீலை அரிக்கும், ஆபரேட்டர் கண்ணை எரிக்கும். அதனால்தான் கால்சியம் ஃபார்மேட், பொட்டாசியம் டைஃபார்மேட் என்று உப்பாகச் சேர்ப்பது. திலேப்பியாவின் இரைப்பைப் புளிப்பில் அது மறுபடி அமிலமாகிவிடும். இறால் இன்னொரு தலைவலி. அது கொறித்துக் கொறித்துத் தின்பதற்குள் உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். கொழுப்புப் பூச்சு வேண்டும். பூச்சு எவ்வளவு கனம், குடலில் எங்கே கரைய வேண்டும் என்பதெல்லாம் சுத்தமான மாஸ் டிரான்ஸ்ஃபர் கணக்கு, தம்பிகளா.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் மதியப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம். பாயசம் வருவதற்குள் முதல் சமன்பாட்டை எழுதிவிடலாம்.