வீதி வண்டிக்கு ஏற்ற கேம் தண்டும் வால்வும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், தருமபுரத்துக்கு அப்பால் உள்ளது விசுவமடு. குளமும் வயலும் சூழ்ந்த இவ்வூரில் பழைய மோட்டார் வண்டி அலங்காரப் பொருளன்று. மூட்டை ஏற்றவும் நோயாளியை வைத்தியசாலையில் சேர்க்கவும் உதவும் துணை. 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய வண்டிகளைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் வால்வுகளிற் கரியைப் படியவைக்கும். எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். அவ்வாறு உழைத்த எஞ்சினைப் புதுப்பிக்கும் வேளையில், வேகத்துக்கென்று செய்யப்பட்ட கேம் தண்டையும் பெரிய வால்வுகளையும் பொருத்திவிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பு.

கேம் தண்டின் வேலை யாது? வால்வுகள் எப்பொழுது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதை வகுப்பதே. 948 கன சென்ரிமீற்றர் மொறிஸ் மைனர் எஞ்சினில், பிஸ்டன் அடிக்கு வந்து, கிறாங்க் தண்டு மேலும் 45 பாகை சுழன்ற பின்னரே உள்வால்வு மூடுகின்றது. விரைந்து வரும் பெற்றோற் கலவை தன் வேகத்தினாலேயே தொடர்ந்து உட்புகும் என்பது இதன் நுட்பம். பந்தயக் கேம் தண்டு இம்மூடலை இன்னும் தாமதிக்கும். மிகுந்த சுழற்சியில் அது இலாபமே. மெதுவாகச் செல்லும்போதோ, மேலெழும் பிஸ்டன் புகுந்த கலவையை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரமும் நீளுவதால், எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே வீணாகும். நிறுத்திவைத்த வண்டி நடுங்கும். பெரிய உள்வால்வும் ஏறக்குறைய இத்தகையதே: குறைந்த சுழற்சியிற் காற்றோட்டம் தளர்ந்து, கலவை செவ்வனே கலவாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அதிவேகப் பாதைகள் நீங்கலாக, ஊர்ப்புறத்துக்கு வெளியே காருக்கு இலங்கைச் சட்டம் விதித்த எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அவ்வேகத்தில், மேற்கியரில், மைனரின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொடுவதில்லை. அதன் இழுவிசை உச்சமடைவதோ 2,500 சுற்றளவில். ஆகவே ஆலை பொருத்தி அனுப்பிய தண்டே இவ்வீதிக்கு உகந்தது. 5,000 சுற்றுக்கு மேற் பயன் தரும் தண்டை வாங்குபவர், தாம் என்றும் ஓட்டாத வேகத்துக்காக அன்றாடம் பெற்றோல் செலுத்துகின்றார். 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்ட நாட்களை மறவாதோர்க்கு இதன் பொருள் விளங்கும்.

பழைய தண்டு தேய்ந்திருந்தால் அதே அளவில் புதியது போடலாம். அதனோடு தப்பெற்றுகளும் புதியனவாக இருத்தல் வேண்டும். பழைய தப்பெற்று புதுத் தண்டை விரைவில் அரித்துவிடும். தண்டைச் சுழற்றும் சங்கிலி நீண்டு தளர்ந்தாலும் வால்வுகள் காலந்தாழ்த்தியே திறக்கும். பலர் தண்டின்மீது சுமத்தும் பழி உண்மையிற் சங்கிலியுடையது.

பணம் செலவிடத் தகுந்த இடம் வேறொன்றுண்டு. அது வெளிவால்வின் இருக்கை. முன்னாளிற் பெற்றோலிலிருந்த ஈயம் அவ்விருக்கையிற் படிந்து அதனைக் காத்தது. 2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதன்பின் பழைய வார்ப்பிரும்பு இருக்கை வெப்பத்தில் தேய்ந்து, வால்வு உள்ளே அமிழத் தொடங்கும். இருக்கையைக் கடைந்தெடுத்து, கடினமான உருக்கு வளையம் பதித்தால் இத்தேய்வு நிற்கும். தேய்வு நிகழ்கின்றதா என்பதை அறியவும் வழி எளிது. குளிர்ந்த எஞ்சினில் தப்பெற்று இடைவெளி 0.012 அங்குலமாக இருக்கவேண்டும். வைத்த இடைவெளி மீண்டும் மீண்டும் குறைந்துவருமாயின், வால்வு அமிழ்கின்றது. இடைவெளி அற்றுப்போகுமுன் எஞ்சினின் தலையைக் கழற்றிவிடல் வேண்டும்.