பதினைந்து வயதில் மைதானத்தை விட்டுப் போகும் பிள்ளைகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் பெயர் பெற்ற பழைய மாணவிகளைப் பற்றியும் பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் மைதானத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

இல்ல மெய்வல்லுநர் போட்டியை எங்களில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இல்லக் கொடி, அணிநடை, சுண்ணாம்புக் கோடு, அஞ்சலோட்டத்தில் தடி விழுந்த கதை எல்லாம் நினைவிருக்கும். ஆனால் ஒரு கணக்குப் பார்ப்போம். ஆறாம், ஏழாம் வகுப்பில் எல்லாரும் ஓடினோம். பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் ஓடினோம்? உயர்தரத்தில் எத்தனை பேர்? மிச்சப் பேர் குடையின் கீழ் இருந்து கைதட்டினோம். எங்களை யாரும் துரத்தவில்லை. “வெயிலில் கறுத்துப்போவாய்”, “பெரிய பிள்ளையாகிவிட்டாய், சனத்துக்கு முன்னால் காற்சட்டையோடு ஓடுவதா”, “ரியூசனுக்கு நேரமாகிறது” என்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. அதே வீட்டில் தம்பி துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கும் ரியூசன் இருந்தது.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, 2016இல் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 சதவீதமானோருக்குப் போதிய உடல் அசைவு இல்லை என்று கண்டார்கள். ஆண் பிள்ளைகளில் அது 78 சதவீதம். நாளொன்றுக்கு 60 நிமிடம் என்பதே அளவுகோல்.

பெண்ணின் உடல் இதைத் தாங்காது என்ற பேச்சும் புதியதல்ல. 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலில் தடகளத்தில் அனுமதிக்கப்பட்டார்கள். 800 மீற்றர் இறுதிப் போட்டி முடிந்ததும், பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்திருந்தார்கள். முதலாவதாக வந்தவர் உலக சாதனையும் படைத்திருந்தார். இருந்தும் 1960 வரை அந்த ஓட்டம் பெண்களுக்கு இல்லாமற்போயிற்று. பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2000இல், சிட்னியில்.

அதே சிட்னியில்தான் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பதக்கம் வென்றார். முதலில் வெண்கலம், முதலிடம் பெற்றவரின் பதக்கம் பறிக்கப்பட்ட பின் அது வெள்ளியானது. இலங்கை இதுவரை பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே. 1948இல் டங்கன் வைற் பெற்றது ஒன்று, சுசந்திகா பெற்றது மற்றது. யாழ்ப்பாணத்திலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் ஆடிய வலைப்பந்தாட்ட அணி 2018இல் ஆசியச் சம்பியனானது. தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை புதுப்பித்தார். வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி வைத்தியர்களாகச் சில வார்த்தைகள். மாதவிடாய் நாட்களில் ஓடினால் கருப்பைக்குக் கேடு வரும் என்பது பிழை. இயலுமான பிள்ளை ஓடலாம். சிலருக்கு வலிகூடக் குறையும். நாங்கள் கவலைப்பட வேண்டியது, கடுமையாகப் பயிற்சி செய்து போதியளவு சாப்பிடாததால் மாதவிடாய் நின்றுபோகும் பிள்ளையைப் பற்றித்தான். அது நல்ல பயிற்சியின் அடையாளமல்ல. எலும்பு தேய்வதன் எச்சரிக்கை. களைத்துக் களைத்து இருக்கும் பிள்ளையைச் “சோம்பேறி” என்று ஏசுமுன் இரத்தத்தைச் சோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வலைப்பந்தாட்டம்போலப் பாய்ந்து திரும்பும் விளையாட்டுக்களில் முழங்கால் இணையம் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். அதற்கு மருந்து விளையாட்டை நிறுத்துவதல்ல. பாய்ந்தபின் முழங்காலை மடித்து ஒழுங்காகக் காலூன்றப் பழக்குவதும், ஒவ்வொரு நாளும் முறையாக உடலைச் சூடாக்குவதும்தான். எங்கள் எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அறுபது வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் அம்மாவின் கதை, பதினைந்து வயதில் மைதானத்தை விட்டபோதே தொடங்கியிருக்கலாம்.

அக்காமாரே, இது பணத்தைப் பற்றியதும்கூட. 1904இல் தொடங்கிய யாழ். மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரித் துடுப்பாட்டப் போட்டிக்கு வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. எங்கள் அண்ணாமாரும் அதில் ஆடியவர்கள்தான். ஆனால் மாகாண மட்டத்துக்குத் தெரிவான பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட அணிக்குப் பஸ்காசு சேர்க்க ஆசிரியை வீடு வீடாகத் தொலைபேசி எடுக்கிறார் என்றால், அதைக் கேட்டும் கேளாமல் நாம் இருக்கலாமா?

நூற்றாண்டு நிதியில் என்ன கட்டுவது என்ற பேச்சு நடக்கிறது. வாசலில் ஒரு வளைவு கட்டலாம், பெயர்கள் பொறிக்கலாம். நாங்கள் நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, மைதானத்தின் ஓரத்தில் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் பூட்டும் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும். அங்கே எப்போதும் அணையாடை இருக்க வேண்டும், பிள்ளை யாரிடமும் கேட்டு வாங்கும் நிலை வேண்டாம். இரண்டு, சம்பளம் கொடுத்து ஒரு பெண் பயிற்றுநர். விழா வருடத்துக்கு மட்டுமல்ல, ஐந்து வருடத்துக்கு. மூன்று, போட்டிப் பயணத்துக்கும் சப்பாத்துக்கும் ஒரு நிரந்தர நிதி. நான்காவதுக்குக் காசு வேண்டாம்: கிழமையில் இரண்டு பின்னேரம் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைப்பதில்லை என்று அதிபரும் பெற்றோரும் உடன்பட வேண்டும்.

எல்லாப் பிள்ளையும் பதக்கம் எடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கடைசியாக வரும் பிள்ளையும் உயர்தரம் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். காற்சட்டை நீளமாக வேண்டுமென்றால் நீளமாகத் தைப்போம். தலையை மூடி ஓட விரும்பும் பிள்ளை மூடிக்கொண்டு ஓடட்டும். உடுப்பு ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தும் காரணமாக இருக்கக்கூடாது.

நாளைக் காலை பொதுக்கூட்டம். இந்த நான்கும் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கின்றன. தயவுசெய்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே எழும்பிப் போய்விடாதீர்கள். இருந்து கை உயர்த்துங்கள்.