நிழலை அழிக்கும் காரல்

ஓசூர்ல இருந்து சென்னைக் கடலுக்கு ரோட்ல போனா சுமார் 300 கிலோமீட்டர். நமக்கு மீன்னா ஐஸ் பெட்டியில வர்றது, இல்லன்னா கருவாடு. போன வாரம் சந்தையில ஒரு பாட்டிகிட்ட காரப்பொடி கருவாடு வாங்கினேன். "இதுல என்ன இருக்கு தம்பி, வெறும் முள்ளு"ன்னு அவங்களே சிரிச்சாங்க.

சென்னையில காரப்பொடி, தெற்கே காரல். உள்ளங்கையில அடங்குற, வெள்ளி மாதிரி மின்னுற, வழவழன்னு இருக்குற மீன். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா மாதிரி ஆழம் குறைஞ்ச கரையோரக் கடல்ல, அடித்தரைக்குப் பக்கத்துல கூட்டமா மேயும்.

வெறும் முள்ளு இல்லங்க. இதோட உணவுக்குழாயைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. அதுக்குள்ள ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கு. ஜப்பானிய ஆய்வாளர் யாதா ஹனேதா 1940-லேயே இதைப் பத்தி எழுதியிருக்கார். பிறக்கும்போது அந்த பாக்டீரியா உடம்புல கிடையாது. குஞ்சு அதைக் கடல் தண்ணியில இருந்துதான் பிடிச்சுக்கணும். அந்த வெளிச்சம் காற்றுப்பையில பட்டுத் திரும்பி, வயிறு வழியா கீழே இறங்குது. கீழே இருந்து பெரிய மீன் அண்ணாந்து பார்த்தா, மேல் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு நிழலாத் தெரிய வேண்டிய காரல் தெரியாது. தசைத் திரையால வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நம்ம போன்ல ஆட்டோ பிரைட்னஸ் இருக்கே, அதான். என்ன, இதுக்கு சார்ஜர் வேண்டாம்.

ஆனா இந்த வித்தையெல்லாம் கண்ணு இருக்குற எதிரிகிட்டதான் செல்லும். இழுவை வலைக்குக் கண்ணு இல்லையே! அடித்தரையை உரசிக்கிட்டுப் போற வலை, பெருசு குஞ்சுன்னு பார்க்காம வாரிடும். குறி என்னவோ இறால்தான். கூட வந்த பொடி மீனுக்கு ராமேஸ்வரம் பக்கம் 'சங்காயம்'னு பேரு. அது காய்ஞ்சு, அரைபட்டு, கோழித் தீவனமாப் போகுது. அதாவது, கடலே பார்க்காத நம்ம ஊர் முட்டை ஆம்லெட்டுலயும் கொஞ்சம் காரல் இருக்கலாம்.

கிழக்குக் கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுக்குத் தடை. மீன் குஞ்சு பொரிச்சுத் தேறட்டும்னு வெச்ச இடைவெளி. தடை முடிஞ்சதும் அதே தரையில அதே வலைதான் இறங்குது. 61 நாள்ல குஞ்சு எவ்வளவு வளர்ந்துடும்?

வாங்கின கருவாட்டை வீட்ல தாள்ல கொட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல என் சுண்டுவிரல் நீளம்கூட இல்ல. மறுநாள் பாட்டிகிட்டயே கேட்டேன், "பெருசா வர்றதில்லையா பாட்டி?"

"முன்னே வந்துச்சு"ன்னாங்க.