பழைய மோரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?



யோங் பெங்கிலிருந்து சாஆ, லாபிஸ் வழியாகச் சிகாமட் போகும் பழைய கூட்டரசுச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் முன்னும் பின்னும் வருகின்றன. நடுவில் ஒரு மோரிஸ் மைனர். ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணிமார்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆசை ஆசையாக வாங்கிய கார். அப்பா விட்டுச் சென்ற அந்தக் காரை மகன் புதுப்பிக்கிறார். பட்டறையில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டுவிடலாமா?"

ஆசையில் தவறில்லை. 1948இல் வெளிவந்த மைனருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்தான். டிரம் சூடேறினால் விரிந்து, ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்தால் பிடிப்பு குறையும். 2023 மார்ச்சில் சாஆ வட்டாரமே வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிஸ்க்கோ திறந்தவெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும், தண்ணீரையும் உதறிவிடும். 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வென்றதற்கு டன்லப் டிஸ்க் பிரேக் ஒரு முக்கியக் காரணம். 1985இல் வந்த நமது முதல் புரோட்டோன் சாகாவிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

ஆனால் தட்டையும் கேலிப்பரையும் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. 1971இல் வந்த மோரிஸ் மரினாவின் முன் சக்கரப் பாகங்களை மைனருக்குப் பொருத்திக்கொள்ள முடிகிறது. சிக்கல் மாஸ்டர் சிலிண்டரில் தொடங்குகிறது. அதற்குள் இருக்கும் ஒரு சிறு வால்வு, டிரம்முக்காகக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் அப்படி இல்லை. ஆகவே அந்த அழுத்தம் அப்படியே இருந்தால் பேட் தட்டை உரசிக்கொண்டே ஓடும். லாபிஸ் போய்ச் சேர்வதற்குள் சக்கரம் கொதித்துவிடும்.

சரி, வால்வை எடுத்துவிடலாமா? மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. கேலிப்பர் அதைவிட உயரத்தில். எண்ணெய் மெல்லத் திரும்பி வடிந்து, அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் சும்மா இறங்கும். அதனால் குறைந்த அழுத்தமுள்ள வேறு வால்வு வேண்டும். கேலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு எண்ணெயும் கூடுதலாகத் தேவை. சிலிண்டரின் அளவும் ஒத்துவர வேண்டும். டிரம்மில் ஷூ தானாகவே இறுகிப் பிடிக்கும் வசதி டிஸ்க்கில் கிடையாது. கால் வலுவாக மிதிக்க வேண்டும், இல்லையேல் செர்வோ போட வேண்டும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் கைப் பிரேக் மட்டுமே மிச்சம். டிஸ்க்குக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு இரட்டைச் சுற்றுக்குப் போவதே நியாயம்.

பெரும்பாலோருக்கு டிஸ்க்கே தேவைப்படாது. மைனரின் முன் டிரம்மில் இரண்டு, பின் டிரம்மில் ஒன்று என்று சரிசெய்யும் திருகுகள் உண்டு. அவை பல வருடம் தொடப்படாமலேயே கிடக்கும். அவற்றைச் சரிசெய்து, ஷூவும் குழாயும் மாற்றி, ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றிய பிறகு ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வரும் காருக்கு அது தாராளம். நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓட்டுவதென்றால் டிஸ்க் பக்கம் போகலாம்.

டிரம்மைத் திறப்பவர்கள் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். நுரையீரலுக்கு அது நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். டிஸ்க் போடுவதென்று முடிவெடுத்தால், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஜேபிஜே அலுவலகத்தில் அனுமதி பற்றி விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.