விளையாட்டாகக் கற்ற நீச்சல்



உரம், விதை, படைப்புழு என்று பேசிக்கொண்டிருக்கிறவன் இன்றைக்குப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவருக்கு எதற்கு இந்த வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற ரோடும், பல்லடத்திலிருந்து காங்கேயம் போகிற ரோடும் சந்திக்கிற இடம் அவிநாசிபாளையம். பெயரைக் கேட்டுவிட்டு அவிநாசி என்று நினைத்துவிடாதீர்கள். அது திருப்பூருக்கு அந்தப் பக்கம். இங்கே ஒரு பக்கம் பனியன் கம்பெனி, மறுபக்கம் கொறங்காடு. பி.ஏ.பி. தண்ணீர் முறை வைத்து வரும்போது மக்காச்சோளம், மற்ற நாளில் கிணறும் போரும்தான்.

போன வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு, இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பண்ணைக்குட்டை நிறைந்து கிடந்தது. அந்தக் குட்டையை வெட்டச் சொன்னவன் நான்தான். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொன்னவனும் நான்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது வயதுப் பையன் திண்ணையில் செல்போனோடு உட்கார்ந்திருந்தான். "சும்மா அதையே நோண்டாத கண்ணு, வெளிய போய் விளையாடு" என்று அப்பா அதட்டினார். பையனும் மட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனான். பந்து உருண்டு குட்டைக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் வழுக்கி உள்ளே போய்விட்டான்.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவர் அப்பா. வயது நாற்பத்து நான்கு, என் வயசுதான். கரையில் நின்று கத்தினாரே தவிர, இறங்க முடியவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. பின்னாலேயே வந்த அப்பாரு, எழுபத்து மூன்று வயசு, துண்டை வீசிவிட்டுக் குதித்தார். பேரனைப் பிடித்தும் விட்டார். ஆனால் கரையேற முடியவில்லை. தாள் மேலே பாசி. கால் வைத்தால் சறுக்குகிறது. பிடித்துக்கொள்ள ஒரு வேர் இல்லை, கல் இல்லை. கடைசியில் அப்பா மோட்டார் ரூமில் கிடந்த ஹோஸ் குழாயை இழுத்துவந்து வீச, அதைப் பிடித்து இருவரும் மேலே வந்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க ஆபீசருங்களே, குட்டை வெட்டச் சொன்னீங்க, தாளு விரிக்கச் சொன்னீங்க. ஏறி வர்றதுக்கு ஒரு வழி சொல்லலீங்களே?" எனக்குப் பதில் வரவில்லை.

அப்பாருக்குத் தெரிந்த நீச்சல் மகனுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அன்று முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பையனாக இருந்தது 1960-ஐ ஒட்டிய காலம். ஆடுமாடு மேய்க்கப் போன இடமே விளையாட்டுக் களம். கிளுவை வேலிக்கு உள்ளே மாட்டை விட்டுவிட்டால் பொழுது சாயும்வரை கிட்டிப்புள், பம்பரம், மழைக்காலமானால் வேலமரத்தில் பொன்வண்டு. வெயில் ஏறினால் கிணறு. சுரைப்புருடையை முதுகில் கட்டித் தள்ளிவிடுவார்கள். நாலு நாளில் புருடை இல்லாமலே நீந்துவான். பிறகு வெள்ளைக் கல்லைப் போட்டு முங்கி எடுக்கிற பந்தயம், தண்ணீருக்குள்ளேயே தொட்டு விளையாட்டு. யாரும் இதைப் பாடம் என்று சொல்லவில்லை. எந்தப் படி வழுக்கும், எவ்வளவு நேரம் மூச்சை அடக்கலாம் என்பதெல்லாம் விளையாட்டோடு விளையாட்டாக உடம்பில் ஏறிவிட்டது.

அவர் மகன் கதை வேறு. 1990-களின் தொடக்கத்தில், பத்து வயதிலேயே கம்பெனிக்குக் கைமடிக்கப் போய்விட்டார். டெய்லர் தைத்துத் தள்ளத் தள்ளப் பக்கத்தில் நின்று மடித்துக் கொடுக்கிற வேலை. 1986-லேயே சட்டம் வந்திருந்தாலும் அது சில தொழில்களுக்கு மட்டும்தான் தடை போட்டது. பதினாலு வயசுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, பள்ளி நேரம் போக வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யலாம் என்று திருத்தம் வந்தது 2016-ல். அதற்குள் அவர் பிள்ளைப் பருவம் முடிந்து தனக்கே ஒரு பிள்ளையும் வந்துவிட்டது. "வேஸ்ட் துணியை நூல்ல சுத்திப் பந்து பண்ணி, டீ குடிக்கிற நேரத்துல ஆடுவோமுங்க. அதுதானுங்க நம்ம விளையாட்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் அடியில் கிடந்தது. நானும் அதே வயசுக்காரன்தான். மாமன் புண்ணியத்தில் ஒரு கோடை லீவில் நீச்சல் கற்றேன். என் அக்காவைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள். தண்ணீருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

இப்போது இந்தப் பேரன். செல்போன்தான் பிள்ளைகளைக் கெடுத்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அவன் செல்போனை வைத்துவிட்டு நம் பேச்சைக் கேட்டுத்தான் வெளியே போனான். அந்த "வெளியே" நமக்குத் தெரிந்த வெளியே இல்லை. கிணற்றுக்குப் படி இருந்தது, குட்டைக்கு இல்லை. மூடாமல் விட்ட போர்க்குழியும் அப்படித்தான். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயசுக் குழந்தை அப்படி ஒரு குழிக்குள் விழுந்து இறந்ததை நாடே பார்த்தது. தண்ணீர் வராத போர் உங்கள் காட்டில் இருந்தால் இன்றைக்கே மண் போட்டு அடைத்துவிடுங்கள். சாக்குப் போட்டு மூடுவது மூடுவது ஆகாது.

குட்டை வைத்திருக்கிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. நாலு பக்கமும் கனமான கயிறு விடுங்கள். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனி குட்டையின் அடிவரை போக வேண்டும். கயிறு கட்டுகிற முளையைத் தாளுக்கு வெளியே, கரை மண்ணில் அடியுங்கள். தாளில் ஓட்டை விழக் கூடாது. பழைய டயரைக் கோர்த்து ஏணி மாதிரி ஒன்று இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. சுற்றிக் கிளுவைப் போத்து நட்டு, அது கூடுகிறவரை வலை கட்டுங்கள். ஒருவர் விழுந்துவிட்டால் உடனே குதிக்காதீர்கள். முதலில் எதையாவது நீட்டுங்கள், அல்லது மிதக்கிற பொருளை வீசுங்கள். அந்த அப்பா வீசிய குழாய்தான் இரண்டு உயிரைக் காப்பாற்றியது.

2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் ஏறக்குறையக் கால்பங்கு ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்த வயசுக்கு நீச்சல் உதவாது. வேலியும் பெரியவர்கள் கண்ணும்தான். ஆறு வயசைத் தாண்டியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். வங்கதேசத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிக் கற்றுத்தருகிறார்கள். நாம் படி உள்ள கிணற்றில் தரலாம். மோட்டாரின் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே யாரும் இறங்க வேண்டும். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வாய்க்காலில் மட்டும் வேண்டாம். இழுக்கிற தண்ணீர், சறுக்குகிற சிமெண்டுக் கரை.

இன்னொன்று. மிதக்கிறதே என்று காலி மருந்து கேனைப் பிள்ளை முதுகில் கட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்தனை தரம் கழுவினாலும் அது மருந்து கேன்தான். மக்காச்சோள விதை இப்போது மருந்து பூசிச் சிவப்பாக வருகிறது. பாட்டி புளியங்கொட்டையில் ஆடிய பல்லாங்குழியை, பேத்தி அந்தச் சிவப்பு விதையை வைத்து ஆடிவிடப் போகிறாள். மீந்த விதையைத் திண்ணையில் வைக்காதீர்கள்.

இந்தக் கோடையில் பெரியவர் பேரனைக் கிணற்றில் இறக்கினார். மகனையும் சேர்த்துத்தான். மகனுக்கு முதலில் வெட்கம், பிறகு இறங்கிவிட்டார். சுரைப்புருடை எங்கும் கிடைக்காமல் குடிதண்ணீர் கேனைக் கட்டினார்கள். பெரியவருக்கு அதில் திருப்தி இல்லை. ஆடிப்பட்டத்தில் குண்டுச்சுரை விதை போட்டிருக்கிறார்.

உங்களுக்கும் வேண்டுமென்றால், நல்ல குண்டுக் காயாகப் பார்த்து இரண்டைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுங்கள். காம்பு நன்றாகக் காய்ந்த பிறகு, காம்போடு அறுத்து, நிழலில் தொங்கவிட வேண்டும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஓட்டை, கீறல் இருந்தால் ஆகாது. பிள்ளைக்கு ஒன்று போதும். அப்பாவுக்கு இரண்டு கட்டுங்கள்.