தலைவர் மாறினாலும் சங்கம் நிற்கணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழுக்களைப் பார்வையிட நாங்கள் வரும்போது சகோதரிகள் பலர் சொல்வது ஒன்று உண்டு. "எங்க தெருவுல நலச் சங்கம் இருக்கு. போர்டு கூட வச்சிருக்காங்க. ஆனா கூட்டம் போட்டு ரெண்டு வருஷமாச்சு. தலைவர் வீடு மாத்திப் போயிட்டாரு." திண்டுக்கல் நகரத்தை ஒட்டி வளர்ந்திருக்கும் புதிய நகர்களில் இந்த மாதிரி பலகைகளை நிறையப் பார்க்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். பலகைக்குக் கீழே சாக்கடை தேங்கி நிற்கும்.

குழாயில் தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி வந்ததா, தெருவிளக்கு எரிகிறதா என்ற கவலையெல்லாம் முதலில் நம் தலையில்தான் விழுகிறது. ஆனால் சங்கக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்? கையெழுத்துப் போடவும், கலெக்டர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போகும்போது கூட்டம் காட்டவும்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். ஆகவேதான் இந்த மாதம் குடியிருப்போர் நலச் சங்கங்களைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒரு சங்கத்தைத் தாங்கி நிற்பது, எல்லோரும் ஒத்துக்கொண்டு தலைவர் உட்பட எல்லோரும் கடைப்பிடிக்கும் நாலு நல்ல பழக்கம். அந்தப் பழக்கம் நம் குழுக்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டு போக வேண்டும்.

கிணறுகளை எண்ணியவர்கள்

தோல் பதனிடும் தொழில் நம் ஊருக்குப் புதிதல்ல. நம் குடும்பங்களில் பலருக்குச் சோறு போட்ட தொழில் அது. ஆனால் அதன் கழிவுநீர் நம் சமவெளியின் கிணறுகளைக் கெடுத்தது என்பதும் உண்மை. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு இதற்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நம் மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் அந்த வழக்கில் வந்தன. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் நம் பகுதியைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப் போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் அதில் பதிவாகியிருக்கிறது.

இதில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது.

முதல் பாடம், கணக்கு. "எங்க கிணறு கெட்டுப்போச்சு" என்று ஒருவர் சொன்னால் அது புலம்பல். 467-இல் 350 என்று எண்ணிச் சொன்னால் அது சாட்சி. அதை யாரும் ஒதுக்க முடியாது.

இரண்டாவது, பொறுமை. வழக்குப் போட்டதிலிருந்து தீர்ப்பு வர ஐந்து வருடம் ஆனது. ஒரு தலைவரின் வேகத்தை மட்டும் நம்பிய சங்கமாக இருந்தால் ஐந்து வருடம் தாக்குப் பிடிக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நியாயம். தோல் தொழில் வேலை கொடுக்கிறது, அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பதைத் தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் சுற்றுச்சூழலைக் கெடுக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்பவர்கள் தொழிலைத் தொடரலாம் என்றும் வழி விட்டது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் வேலை பார்ப்பார், அடுத்த வீட்டுக்காரர் கிணறு கெட்டிருக்கும். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் சங்கம் நடத்த வேண்டும். ஒருவரை எதிரியாக்கிவிட்டு இன்னொருவருக்கு நல்லது செய்ய முடியாது.

முதல் மோட்டார் யாருடையது?

நாங்கள் வேலை செய்யும் ஒரு தெருவில் நடந்ததைச் சொல்கிறோம். மாநகராட்சி முறை வைத்துத் தண்ணீர் விடுகிறது. குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் வீடுகளில் சிலர் மோட்டார் வைத்து உறிஞ்சிவிடுவார்கள். கடைசி ஆறு வீட்டுக்கு நூல் மாதிரிதான் தண்ணீர் வரும். கடைசி வீட்டு அக்கா பஞ்சு மில்லில் ஷிப்டு முடித்து வந்து, தெருக்குழாயில் குடத்தோடு நிற்பார். சங்கத்தில் மனு எழுதினார்கள். தண்ணீர் போதவில்லை என்று மாநகராட்சி மீது குறை சொன்னார்கள்.

அந்தத் தெருவில் நம் குழுவின் ஊக்குநர் ஒருவர் இருக்கிறார். அவரும் இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து, தண்ணீர் வரும் மூன்று முறைகளில் வீடு வீடாக எத்தனை குடம் கிடைத்தது என்று நோட்டில் எழுதினார்கள். முன் வீடுகளில் தொட்டி நிரம்பி வழிந்தது. கடைசி வீடுகளில் நாலு குடம் கூடத் தேறவில்லை. அந்த நோட்டைக் கூட்டத்தில் வாசித்தார். ஒரே அமைதி. சங்கத் தலைவர் வீட்டிலும் மோட்டார் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். ஊக்குநர் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, நீங்க முதல்ல நிறுத்துங்க. மத்தவங்ககிட்ட நாங்க பேசிக்கிறோம்" என்றார்.

தலைவர் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை தண்ணீர் வந்தபோது அவர் வீட்டு மோட்டார் ஓடவில்லை. அதற்குப் பிறகு நான்கு வீட்டுக்காரர்கள் நிறுத்தினார்கள். இரண்டு வீட்டில் இன்னும் ஓடுகிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசி வீட்டு அக்காவுக்கு இப்போது பதினைந்து குடம் கிடைக்கிறது.

இங்கே தலைமை யாரிடம் இருந்தது? கேட்கத் துணிந்த பெண்ணிடமும் இருந்தது, கேட்டதை ஏற்றுக்கொண்ட மனிதரிடமும் இருந்தது. ஊருக்குச் சொல்லும் விதி முதலில் தன் வீட்டு வாசலில் நடக்க வேண்டும். சங்கத்தின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால்

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1998-இல் குடும்பஸ்ரீ தொடங்கியது. அதில் அடிமட்ட அமைப்பு அயல்கூட்டம். பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் ஒரு கூட்டம். ஒவ்வொரு அயல்கூட்டத்திலும் ஐந்து பேருக்குப் பொறுப்பு. தலைவர், செயலாளர், சுகாதாரத்துக்கு ஒருவர், வருமானத் தொழில்களுக்கு ஒருவர், அடிப்படை வசதிகளுக்கு ஒருவர். ஒருத்தர் தலையில் எல்லாம் விழுவதில்லை. ஒருவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்பதில்லை. அயல்கூட்டத்துக்கு மேலே வார்டு அளவிலும் உள்ளாட்சி அளவிலும் அமைப்பு இருக்கிறது. பொறுப்பாளர்களைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் குழுக்களிலும் ஊக்குநர், பிரதிநிதிகள் என்று பிரித்துத்தானே வைத்திருக்கிறோம்? ஆனால் "அவங்களுக்குத்தான் பேங்க் போகத் தெரியும்" என்று ஒருவரையே வருடக் கணக்கில் விட்டுவிடுகிற குழுக்களும் உண்டு. தெரிந்தவர் தெரியாதவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனால், அடுத்த வருடம் தெரிந்தவர் இரண்டு பேர். நல்ல தலைவருக்கு அடையாளம், அவர் வராத நாளிலும் கூட்டம் நடப்பதுதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். ஆகவே "தேர்தல் எப்போ? கணக்கு எப்போ வாசிப்பீங்க?" என்று கேட்பது சண்டை இழுப்பது ஆகாது. அது உறுப்பினரின் உரிமை.

திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சி ஆனது. 48 வார்டுகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருப்பது போல, நகரத்தில் இருப்பவர்களுக்கு இது. தெருச் சங்கம் போட்ட தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பேசினால் அது தனி ஒருவரின் குரலாக இருக்காது.

நாம் செய்ய வேண்டியவை

1. கூட்டம் மாதத்தில் ஒரே தேதி, ஒரே நேரம். மில் ஷிப்டுக்கும் பூ மார்க்கெட்டுக்கும் போகிறவர்கள் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வையுங்கள்.

2. இடம் பொதுவாக இருக்கட்டும். ஒருவர் வீட்டுத் திண்ணையில் போட்டால் சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சமுதாயக்கூடம் என்றால் எல்லா மதத்தாரும் எல்லாச் சாதியாரும் வருவார்கள். நாற்காலி என்றால் எல்லோருக்கும் நாற்காலி, பாய் என்றால் தலைவருக்கும் பாய்.

3. சந்தா பத்து ரூபாயானாலும் ரசீது வேண்டும். வரவு செலவைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ரொக்கப் புத்தகம் எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறோம். பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

4. வாடகைக்கு இருப்பவர்களையும் சேருங்கள். அவர்களும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

5. தீர்மானப் புத்தகத்தில் எழுதாத முடிவு முடிவே இல்லை. யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதுங்கள்.

6. மாற்றுக் கருத்துச் சொன்னவரை அடுத்த கூட்டத்துக்கு முதலில் கூப்பிடுங்கள்.

சகோதரிகளே, வாராவாரம் சேமித்து, கடன் கொடுத்து, வசூலித்து, கணக்கு எழுதி, சண்டை வந்தாலும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டவர்கள் நீங்கள். ஒரு தெருவை நடத்த இதைவிடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் தங்கள் தெருச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும். அங்கே நடந்ததை அடுத்த மாதம் கூட்டமைப்பில் வந்து சொல்ல வேண்டும். சங்கம் இல்லாத தெரு என்றால் ஏழு பேர் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள், மேற்கொண்டு ஆக வேண்டியதை உட்கார்ந்து பேசுவோம்.